யாழ்ப்பாணத்தில் உயில் எழுதுவது எப்படி: உறுதிப்பெட்டி முதல் நீதிமன்றம் வரை

"எல்லாவற்றையும் மனைவி பெயருக்கு எழுதிவிடுங்கள், ஐயா" என்று சொல்லிக்கொண்டே நொத்தாரிசின் (உறுதிகளும் உயில்களும் எழுதி அத்தாட்சிப்படுத்தும் சட்டத்தரணியின்) கந்தோருக்குள் நுழைபவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். "எல்லாம் என்றால் எவை?" என்று அவர் கேட்டதும் பேச்சு நின்றுவிடும். வளவு இன்னும் தாயின் பெயரில் இருக்கும். தோட்டக்காணி நான்கு சகோதரர்களுக்கிடையே பிரிபடாமல் கிடக்கும். உறுதி (காணியின் உரிமைப் பத்திரம்) எங்கே என்றால், 1995 இடப்பெயர்வில் விட்டுவிட்டுப் போனோம் என்பார்கள்.

என் சின்னம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. சித்தப்பா உயில் எழுதாமலே போய்விட்டார். இருவரும் முப்பது வருடம் வாழ்ந்த வீடு சித்தப்பாவுக்குத் தகப்பன் வழியில் வந்த முதுசொம். கூரையை மாற்றுவதற்கு வங்கியில் கடன் கேட்டபோதுதான், சட்டப்படி அந்த வீடு சித்தப்பாவின் சகோதரர்களைச் சேரும் என்பது சின்னம்மாவுக்குத் தெரிந்தது. அவர்கள் நல்ல மனிதர்கள். யாரும் அவரை வெளியேறச் சொல்லவில்லை. ஆனாலும் ரொறன்ரோவிலிருந்தும் பாரிசிலிருந்தும் கையொப்பங்கள் வந்து சேரும்வரை இரண்டு மாரிகாலம் அவர் ஒழுக்குக்குச் சட்டி வைத்துத் தண்ணீர் ஏந்தினார். அந்தக் கடதாசிகளுக்காக அலைந்தவன் நான். அதன் பிறகு என் உயிலை எழுதினேன். அயலவர்கள் பலருக்குத் துணையாகவும் போயிருக்கிறேன். எந்த வேலையை எதற்கு முன் செய்ய வேண்டும் என்பதில்தான் பெரும்பாலானோர் இடறுகிறார்கள். ஆகவே செய்ய வேண்டிய ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

அரச கடதாசிகளில் இறுதி விருப்பாவணம் என்றும், ஊரில் மரண சாசனம் என்றும் சொல்வதைத்தான் இங்கே உயில் என்கிறேன்.

1. எது உங்களுடையது என்று முதலில் பிரித்துப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போனால் பின்னால் வரும் எல்லாப் படியும் பிழைக்கும். இங்கே நிரந்தர வதிவிடம் கொண்ட தமிழருக்குப் பொதுவாகத் தேசவழமை என்ற மரபுவழிச் சட்டம் பொருந்தும். திருமணம் அதை மாற்றக்கூடும். தேசவழமைக்கு உட்பட்ட பெண் அதற்கு உட்படாத ஒருவரை மணந்தால், அந்த மணவாழ்வு நீடிக்கும்வரை அவருக்கு அது பொருந்தாது. அதற்கு உட்படாத பெண் உட்பட்ட ஒருவரை மணந்தால் அவருக்கும் பொருந்தும். கலப்புத் திருமணம் என்றால் இதை நொத்தாரிசிடம் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.

ஒரு கொப்பியை எடுத்து மூன்று பக்கங்களுக்குத் தலைப்பிடுங்கள்: முதுசொம், சீதனம், தேடிய தேட்டம். பெற்றோர், பாட்டன், பாட்டி வழியில் வந்தவை முதற்பக்கத்துக்கு. பெண்ணுக்குத் திருமணத்தின்போது எழுதிக் கொடுத்தவை இரண்டாவதுக்கு. திருமண வாழ்வுக் காலத்தில் விலை கொடுத்து வாங்கியவை மூன்றாவதுக்கு.

மூன்றாவது பக்கத்தில்தான் கவனம் வேண்டும். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் 1947இல் திருத்தப்பட்டது. அதன்படி, திருமணத்தின் பின் வாங்கியது என்பதால் மட்டும் ஒரு சொத்து தேடிய தேட்டம் ஆகிவிடாது. வாங்கிய பணம் ஒருவரது தனிச்சொத்திலிருந்து வந்திருக்கக் கூடாது. ஒரு மனைவி தன் சீதனக் காணியை விற்று, அந்தப் பணத்தில் கொக்குவிலில் வீடு வாங்கினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீடு அவருடைய தனிச்சொத்தாகவே தொடரும். அதே வேளையில், மணவாழ்வுக் காலத்தில் முதுசொக் காணியிலிருந்து வந்த வருமானம் தேடிய தேட்டமாகக் கணக்கிடப்படும். எனவே ஒவ்வொரு சொத்துக்கும் எதிரே, எந்த ஆண்டு வாங்கியது, பணம் எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரி இல்லாததால் பிள்ளைகள் வருடக்கணக்காக வாதாடியதைக் கண்டிருக்கிறேன்.

இந்தப் பிரிப்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், உயில் இல்லாதபோது எல்லாம் ஒரே வழியில் போவதில்லை. இறந்தவரின் தேடிய தேட்டத்தில் அவர் உயிலாலோ வேறு வழியாலோ கைமாற்றாமல் விட்டதில் பாதி வாழ்க்கைத் துணைக்கும், மறுபாதி உரிமையாளர்களான வாரிசுகளுக்கும் சேரும். முதுசொத்திலோ இரத்த உறவுகளே முன்னே நிற்கிறார்கள். பிள்ளை இல்லாத தம்பதிகளுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுவேன்: உங்களில் ஒருவர் போனபின் மற்றவர் அதே வீட்டில் உரிமையோடு இருக்க வேண்டும் என்றால், உயில் எழுதாமல் முடியாது.

பெண்களுக்கு இன்னொன்று. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தை உயிரோடிருக்கும்போது விற்கவோ நன்கொடையாகக் கொடுக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. உயிலுக்கு அது தேவையில்லை. "அவர் கையொப்பம் போடமாட்டார், அதனால் எழுதவில்லை" என்று காத்திருக்கும் அக்காமார் இருக்கிறார்கள். நீங்கள் காத்திருக்கத் தேவையில்லை.

2. கடதாசிகளைச் சேருங்கள்

உறுதிப்பெட்டியைத் திறந்து ஒவ்வோர் உறுதியையும் விரித்துப் பாருங்கள். மடிப்பில் கிழிந்ததும் செல்லரித்ததும் இருக்கும். ஒட்டுநாடா ஒட்டிச் சரிப்படுத்த வேண்டாம், எழுத்து மங்கிவிடும். உறுதி இலக்கம், திகதி, எழுதிய நொத்தாரிசின் பெயர் ஆகிய மூன்றையும் கொப்பியில் குறியுங்கள். உறுதி தொலைந்திருந்தாலும் இவை தெரிந்தால் காணிப் பதிவகத்தில் தேடி உறுதிப்படுத்திய பிரதி எடுப்பது எளிதாகிறது. வேலை தாமதமாகலாம் என்பதால் இதை முதலிலேயே தொடங்குங்கள்.

காணியின் பெயர், பரப்புக் கணக்கு, நான்கு எல்லைகள் ஆகியவற்றை உறுதியிலிருந்து அப்படியே எடுத்தெழுதுங்கள். நினைவிலிருந்து எழுதாதீர்கள். நம்மூர்க் காணிகளில் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் தனியாகச் சொல்லப்பட்டிருக்கும். நிலத்தை மகளுக்கு எழுதிவிட்டுக் கிணற்றுப் பங்கைக் குறிப்பிடாமல் விட்டால், தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் முறையில் சண்டை பிறக்கும். எல்லைக்காரர் மாறியிருந்தால் பழைய பெயரையும் இன்றைய பெயரையும் சேர்த்துக் கொடுங்கள்.

இவற்றோடு தேசிய அடையாள அட்டை, திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் ஆகியவற்றின் பிரதிகள். வீட்டில் கூப்பிடும் பெயரும் சான்றிதழ்ப் பெயரும் வேறாக இருப்பது இங்கே மிகச் சாதாரணம். உயிலில் சான்றிதழ்ப் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் வர வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற பிள்ளை என்றால், கடவுச்சீட்டில் பெயர் எப்படி இருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள்.

பெற்றோரின் பெயரிலேயே இருக்கும் காணி என்றால் உங்களுடைய பங்கை மட்டுமே நீங்கள் எழுதலாம். முழுக்காணியையும் எழுதினால் சகோதரரின் பங்கு உங்களுடையதாகிவிடாது. வழக்குத்தான் வரும்.

3. உயில் தொடாத சொத்துகளை ஒதுக்குங்கள்

வங்கிக் கணக்கில் பின்னுரித்தாளர் (உங்களுக்குப் பின் அதைப் பெறுபவர்) ஒருவரை நியமித்திருந்தால், உயிலில் வேறு பெயர் இருந்தாலும் அந்த நியமனமே செல்லும். பலர் முதற் கணக்கைத் திறந்தபோது தாயின் பெயரைக் கொடுத்திருப்பார்கள். திருமணம் முடிந்து, பிள்ளைகள் வளர்ந்து, தாயும் காலமான பிறகும் அந்தப் படிவம் அப்படியே கிடக்கும். ஊழியர் சேமலாப நிதிக்கும் ஆயுள் காப்புறுதிக்கும் இப்படியே நியமனம் உண்டு. உயில் எழுதும் அதே வாரத்தில் இவை எல்லாவற்றையும் திருத்திவிடுங்கள்.

கிளிநொச்சிப் பக்கம் அரச அனுமதிப்பத்திரக் காணி வைத்திருக்கும் யாழ்ப்பாணக் குடும்பங்கள் நிறைய. அதற்கு 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் பொருந்தும். பிரதேச செயலகத்துக்குப் போய்ப் பின்னுரித்தாளரைப் பதிவு செய்யுங்கள். உயிலில் ஒரு வரி எழுதினால் போதும் என்று இருந்துவிட வேண்டாம்.

4. யாருக்கு என்ன என்று முடிவெடுங்கள்

இலங்கையில் உங்கள் சொத்தை யாருக்கும் எழுதலாம். ஒரு பிள்ளைக்கு முழுவதையும் எழுதினாலும் செல்லும். அந்தச் சுதந்திரம் இருப்பதாலேயே காரணத்தைச் சொல்லிவிடுவது நல்லது. "மூத்த மகளுக்குத் திருமணத்தின்போது இன்ன காணி கொடுத்தேன், அதைக் கருத்திற்கொண்டே இந்த வீட்டை இளையவளுக்கு எழுதுகிறேன்" என்று உயிலிலேயே எழுதச் சொல்லுங்கள். ஏற்கெனவே கொடுத்த சீதனம் கணக்கில் சேருமா சேராதா என்ற கேள்வி அதோடு அடைபடும். தாய் தன்னை மறந்துவிட்டாள் என்று மூத்தவள் நினைக்கவும் இடமிராது.

துணைக்குச் சீவிய உருத்து வைத்து, அவருக்குப் பின் பிள்ளைக்கு என்று எழுதுவது இங்கே வழக்கம். நல்ல வழி அது. மனைவி சாகும்வரை வீட்டில் இருப்பாள், வாடகை வந்தால் அதையும் எடுப்பாள். ஆனால் அந்த வீட்டை விற்று மருத்துவச் செலவு பார்க்க அவளால் முடியாது. துணைக்கு வேறு சேமிப்பு இல்லையென்றால் ஒரு காணியையாவது முழு உரிமையோடு அவருக்கு எழுதுங்கள்.

"இந்தக் காணியை ஒருபோதும் விற்கக் கூடாது, பரம்பரை பரம்பரையாகப் போக வேண்டும்" என்று எழுதக் கேட்கும் பெரியவர்கள் உண்டு. அந்த ஆசையின் பின்னால் இருக்கும் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் தலைமுறை தலைமுறையாகச் சொத்தைக் கட்டிவைக்கும் அந்த முறையை 1972ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் நீக்கிவிட்டது. அந்த நிபந்தனையை எழுதி உயிலைச் சிக்கலாக்க வேண்டாம்.

பிள்ளை வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் என்றால் காணி எழுதலாமா என்று கேட்காதவர் இல்லை. வெளிநாட்டவருக்குக் காணி உடைமையாவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. என்றாலும், உயில் இல்லாதபோது வாரிசாக வரக்கூடிய நெருங்கிய உறவுக்கு உயிலால் எழுதுவதை அது தடுப்பதில்லை. மகனுக்கும் மகளுக்கும் எழுதலாம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற பெறாமகனுக்கோ நண்பருக்கோ எழுத நினைத்தால் முன்கூட்டியே சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளை உள்ள வீடுகளில் இந்தப் பேச்சு எழும்போது எல்லோரும் மௌனமாகிவிடுவார்கள். உயில் இல்லையென்றால் அந்தப் பிள்ளையின் பங்கும் கணக்கில் நிற்கும், அவர் சார்பில் ஒப்பமிட ஒருவரும் இருக்கமாட்டார். ஒரு தாய், தன் மகனுக்கு ஒரு பங்கை வைத்து, அவன் வரும்வரை மகள் அதைப் பராமரிக்க வேண்டும் என்று எழுதச் சொன்னார். எவ்வளவு காலத்துக்கு, அதன் பின் யாருக்கு என்பதையும் சேர்த்து எழுதும்படி நொத்தாரிசு பக்குவமாகக் கேட்டு வாங்கினார். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத குடும்பங்களுக்கு 2016இலிருந்து காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெறும் வழியும் இருக்கிறது.

5. நிறைவேற்றுநரைத் தெரிவுசெய்யுங்கள்

உயிலை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய், கடன்களைத் தீர்த்து, சொத்தை உரியவர்களிடம் ஒப்படைப்பவர் இவர். மூத்த மகன் என்பதற்காக ஒஸ்லோவில் இருப்பவரை நியமிப்பதுதான் நான் அதிகம் காணும் பிழை. தவணைக்குத் தவணை விமானம் ஏறி வர அவரால் முடியாது. ஊரில் இருக்கும், உங்களைவிட வயது குறைந்த ஒருவரை நியமியுங்கள். அவருக்கு முடியாவிட்டால் என்று இன்னொரு பெயரும் வேண்டும். பெயரை எழுதுமுன் அவரிடம் கேளுங்கள்.

6. நொத்தாரிசு முன்னிலையிலா, ஐந்து சாட்சிகள் முன்னிலையிலா?

1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இரண்டு வழிகளைத் தருகிறது. நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூடியிருக்க ஒப்பமிடலாம். நொத்தாரிசு இல்லாமல், ஒரே நேரத்தில் கூடியிருக்கும் ஐந்து சாட்சிகளின் முன்னிலையிலும் ஒப்பமிடலாம். சாட்சியே இல்லாமல் நீங்கள் கைப்பட எழுதிப் பெட்டியில் வைத்த கடிதம் உயிலாகாது, எழுத்து உங்களுடையதுதான் என்று ஊரே சொன்னாலும்.

முடிந்தவரை நொத்தாரிசிடம் போங்கள். பின்னாளில் வழக்கு வந்தால் ஐந்து சாட்சிகளைத் தேடிப் பிடிப்பதைவிட இது எளிது. படுக்கையில் இருப்பவருக்கு அவசரம் என்றால் மட்டும் ஐந்து சாட்சி வழியை நாடலாம்.

சாட்சிகளைத் தெரிவதில் இரண்டு விடயங்கள். உயிலால் பயன்பெறுபவரும், அவருடைய கணவனோ மனைவியோ சாட்சியாக நிற்கக் கூடாது. நின்றால் அவருக்கு எழுதியது செல்லாமற் போகும். மருமகனைச் சாட்சியாக வைத்து மகளின் பங்கைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்தது, விசாவுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும் இளைஞரைச் சாட்சியாக்காதீர்கள். பத்து வருடம் கழித்தும் ஊரில் இருக்கக்கூடியவர் வேண்டும்.

கணவனும் மனைவியும் ஒரே கடதாசியில் கூட்டு உயில் எழுதலாம். செலவு குறைவு என்று பலர் இதை விரும்புகிறார்கள். ஆனால் ஒருவர் இறந்து, மற்றவர் அந்த உயிலின் பயனை ஏற்றுக்கொண்டபின், தன் பங்கைக்கூட நினைத்தபடி மாற்ற முடியாத நிலை வரலாம். தனித்தனியே இரண்டு உயில்கள் எழுதுவதையே நான் சொல்லுவேன்.

7. ஒப்பமிடும் நாள்

சுகமாக நடமாடும் காலத்திலேயே போங்கள். வைத்தியசாலைக் கட்டிலில், பயன்பெறும் பிள்ளை பேனாவை எடுத்துக் கொடுக்க எழுதிய உயிலை எதிர்த் தரப்பு முதலில் தாக்கும். எண்பது வயதைத் தாண்டியவர் என்றால், சித்தத் தெளிவோடு இருக்கிறார் என்று அதே வாரத்தில் மருத்துவரிடம் ஒரு சான்று எடுத்து வையுங்கள். பயன்பெறும் பிள்ளைகள் வாசலுக்கு வெளியே நிற்கட்டும்.

நொத்தாரிசு உயிலை உரக்க வாசிக்கும்போது தலையாட்டிக்கொண்டு இருக்காதீர்கள். என் சின்னம்மா தன்னுடைய சொந்தக் காணிக்கு உயில் எழுதியபோது கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டார். "கிழக்கு ஒழுங்கை" என்றதும் கையை உயர்த்தினார். "கிழக்கே ஒழுங்கை இல்லை, தம்பி. பூவரசு வேலி. ஒழுங்கை வடக்கே." உறுதியை எடுத்துப் பார்த்தோம். தட்டச்சில் இரண்டு எல்லைகளும் இடம் மாறியிருந்தன. அந்தப் பக்கத்தைப் புதிதாக அடித்து, முழுவதையும் மறுபடி வாசித்த பிறகே ஒப்பமிட்டார்.

எல்லோரும் ஒப்பமிட்டு முடியும்வரை ஒருவரும் அறையை விட்டுப் போகக் கூடாது. தொலைபேசி எடுக்கச் சாட்சி வெளியே போனால், அவர் திரும்பும்வரை காத்திருங்கள்.

8. மூலத்தைப் பத்திரப்படுத்துங்கள்

நொத்தாரிசின் கோவையில் ஒரு பிரதி இருக்கும். மூலம் உங்கள் கைக்கு வரும், நீதிமன்றம் கேட்பதும் அதைத்தான். உங்களிடம் இருந்த மூலம் காணாமற் போனால், நீங்களே அதை அழித்து உயிலைக் கைவிட்டீர்கள் என்ற ஊகம் எழும். ஆகவே அலமாரியில் பழைய பத்திரிகைகளுக்கு நடுவே வைக்காதீர்கள். வங்கிப் பெட்டகத்தில் வைப்பதென்றால், உங்களுக்குப் பின் அதைத் திறக்கக்கூடியவர் யார் என்பதை வங்கியில் எழுத்தில் கொடுங்கள். நிறைவேற்றுநரிடம் இடத்தையும், நொத்தாரிசின் பெயரையும், உயிலின் இலக்கத்தையும் திகதியையும் சொல்லிவையுங்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம்.

9. எப்போது மாற்ற வேண்டும்?

திருமணம் செய்தால் முன்னர் எழுதிய உயில் தானாகவே செயலிழக்கும். இதை அறியாமல், மறுமணம் செய்த பின்னும் பழைய உயிலை நம்பி இருப்பவர்கள் உண்டு. பிள்ளை பிறந்தால், காணி வாங்கினால், விற்றால், நிறைவேற்றுநர் ஊரைவிட்டுப் போனால் எடுத்துப் பாருங்கள்.

மாற்ற நினைத்தால் மூலத்தில் பேனாவால் வெட்டி எழுதாதீர்கள். அந்தத் திருத்தம் செல்லாததோடு முழு உயிலின் மீதும் சந்தேகம் விழும். "முன்னைய எல்லா உயில்களையும் இரத்துச் செய்கிறேன்" என்ற வரியோடு புதிதாக, அதே முறையில் எழுதுங்கள். நன்கொடை உறுதி இப்படி இல்லை. கொடுத்து, அவர் ஏற்றுக்கொண்டபின் திரும்பப் பெறுவது மிகக் கடினம். உயிலோ நீங்கள் மூச்சோடு இருக்கும்வரை உங்கள் கையிலேயே இருக்கிறது.

10. உங்களுக்குப் பின் குடும்பம் செய்ய வேண்டியது

இந்தப் பகுதியைத் தனியாக ஒரு தாளில் எழுதி உயிலோடு வையுங்கள். முதலில் இறப்புச் சான்றிதழின் பல பிரதிகளை எடுக்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் ஒன்று கேட்பார்கள். அடுத்து, தாமதிக்காமல் மூல உயிலோடு சட்டத்தரணியிடம் போக வேண்டும். இறந்தவர் வசித்த இடத்துக்குரிய மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க வேண்டும். யாழ்ப்பாணம், மல்லாகம், பருத்தித்துறை, சாவகச்சேரி என்று பிரிவுக்கேற்ப அது மாறும். உயில் செல்லும் என்று நீதிமன்றம் தரும் அத்தாட்சியைச் சட்டத்தரணிகள் புரோபேட் என்பார்கள்.

அந்த அத்தாட்சி கையில் வந்ததும் வேலை முடிந்தது என்று பலர் நின்றுவிடுகிறார்கள். நிறைவேற்றுநர் ஒவ்வொரு காணியையும் உரியவருக்கு உறுதி எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த உறுதி காணிப் பதிவகத்தில் பதிவாகியிருக்கிறதா என்று இலக்கத்தைக் கொண்டு தேடிப் பார்த்து, பதிவின் பிரதியை எடுத்து, அதை மறுபடி உறுதிப்பெட்டியில் வைக்க வேண்டும்.